யூதர் கல்யாணம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதானா?

அடிப்படை ஒன்றுதான். 'ஹுப்பா' என்ற பந்தலின் கீழ் மாப்பிள்ளை பெண்ணின் வலது ஆள்காட்டி விரலில் கல் பதிக்காத மோதிரம் போடுவார், 'கெதுபா' என்ற ஒப்பந்தப் பத்திரத்தை வாசிப்பார்கள், ஏழு ஆசிமொழிகள், பிறகு மாப்பிள்ளை காலால் ஒரு கண்ணாடிக் கோப்பையை உடைப்பார், கி.பி. 70-இல் இடிக்கப்பட்ட எருசலேம் ஆலயத்தின் நினைவாக.

மற்றதில்தான் வித்தியாசம். ஐரோப்பிய அஷ்கெனாசி வழக்கில் பெண் மாப்பிள்ளையைச் சுற்றி வருவார், பெரும்பாலும் ஏழு முறை. அதற்கு முன் மாப்பிள்ளையே வந்து அவருக்கு முகத்திரை போடுவார். பைபிளில் ராகேலை மணக்க வந்த யாக்கோபை ஏமாற்றி, அவள் அக்கா லேயாளை அவர் தலையில் கட்டிய கதை இருக்கிறதே, அதனால் ஆள் சரிதானா என்று பார்த்துக்கொள்கிறாராம்! ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த செபார்டி யூதர்களிடம் இந்த இரண்டும் பொதுவாகக் கிடையாது, பலர் தொழுகைச் சால்வையை இருவர் தலைக்கு மேலும் விரிப்பார்கள். அப்புறம் மருதாணி இரவு: மொராக்கோ, ஏமன் யூதர்களிடம் அதுவே ஒரு பெரிய விழா. மகாராஷ்டிரத்து பெனே இஸ்ரயேல் யூதர்களும் மெஹந்தி வைப்பார்கள்.