மின்கம்பிக்கு முன்னால் தண்டவாளம்: மாடல் ரயில் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஸ்கேலே குறிப்பிடவில்லை. எத்தனை முறை கேட்டாயிற்று! சொல்லாதவர்களுக்கெல்லாம் எச்ஓ, அதாவது 1:87 (நிஜத்தின் 87-ல் ஒரு பங்கு) என்று வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன்.

மேலே போகும் கம்பியை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்? (ஈரோடு)

நம் பிராட்கேஜில் (அகலப்பாதையில்) காண்டாக்ட் வயர், அதாவது இன்ஜின் தொட்டு மின்சாரம் எடுக்கும் கம்பி, தண்டவாளத் தலையிலிருந்து ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேலே போகிறது. எச்ஓ-வில் 64 மி.மீ. அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் உயரத்தை நம்பாதீர்கள், அது ஐரோப்பியப் பாதைக்கானது. இரட்டை அடுக்கு கன்டெய்னர் ஓடும் மேற்குச் சரக்கு வழித்தடத்தைச் செய்கிறீர்கள் என்றால் ஏழரை மீட்டர். அதற்கு 86 மி.மீ. வேண்டும், கம்பமும் அதற்கேற்ப உயர வேண்டும்.

டபிள்யூஏபி-7 மின்சார இன்ஜினில், கூரைமேல் கம்பியைத் தொடும் பான்டோ இரண்டையும் தூக்கி வைக்கலாமா? (திருச்சி)

கூடாது. ஓடும் திசைக்குப் பின்பக்கம் இருப்பதை மட்டும் தூக்குங்கள்.

நல்ல விலை கொடுத்து இன்ஜின் வாங்கினேன், கம்பம், கம்பி எல்லாம் போட்டுவிட்டேன். போட்டோ எடுத்தால் பொம்மை மாதிரியே இருக்கிறது. கம்பி தடிமனா காரணம்? (கோவை)

படத்தைப் பார்த்தேன். கம்பிமேல் பழி போடாதீர்கள். கோளாறு கீழே இருக்கிறது.

இன்ஜினுக்குப் பல ஆயிரம் செலவழிக்கிறோம், தண்டவாளத்தை மட்டும் செட்டோடு வந்த வளையத்தில் முடித்துக்கொள்கிறோம். வருஷக்கணக்காகச் சொல்கிறேன்: தண்டவாளமும் ஒரு மாடல்தான். இன்ஜினுக்கு எண்ணிப் பார்க்கும் ரிவெட்டைப் போல ஸ்லீப்பரையும் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை) எண்ண வேண்டும்.

உங்கள் படத்தில் இருப்பது கோட் 100 ரெயில் (ரெயில் என்றால் இங்கே தண்டவாளக் கம்பி; கோட் எண் அதன் உயரம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குகளில்). உயரம் இரண்டரை மி.மீ. 87-ஆல் பெருக்கினால் 22 செ.மீ. நிஜத்தில் மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள ரெயிலின் உயரம் 17 செ.மீ.தான். கோட் 75 அல்லது 83-க்கு மாறுங்கள். பழைய 52 கிலோ பாதைக்குக் கோட் 70 சரியாகப் பொருந்தும். பழைய பொம்மைச் சக்கரங்களின் ஃபிளாஞ்ச் (உள்பக்க விளிம்பு) ஆழமாக இருக்கும், மெல்லிய ரெயிலில் உள்பக்கம் இடிக்கும். எல்லா வண்டிகளையும் ஓட்டிப் பார்த்த பிறகே ஆணியடியுங்கள்.

அடுத்தது ஸ்லீப்பர். நம் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் கிலோமீட்டருக்கு 1,660, அதாவது 60 செ.மீ.க்கு ஒன்று. எச்ஓ-வில் 7 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. கடையில் அளவுகோலை வைத்துப் பாருங்கள், பத்து இடைவெளி சேர்ந்து 69 மி.மீ. வர வேண்டும்.

இப்போது பெரிய வலி. நம் பிராட்கேஜில் இரண்டு ரெயிலுக்கும் நடுவே 1,676 மி.மீ., எச்ஓ-வில் 19.3. கடையில் கிடைப்பதோ 16.5, அது ஐரோப்பாவின் 1,435-க்கு உரியது. கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைகிறது. முன்னாலிருந்து பார்த்தால் இன்ஜின் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்பது இதனால்தான். முழுதாகச் சரிசெய்ய நினைத்தால் ஒவ்வொரு ஆக்ஸிலையும் அகலப்படுத்தி, பாயிண்ட் (பாதை பிரியும் இடம்) எல்லாவற்றையும் கையால் கட்ட வேண்டும். செய்பவர்களுக்கு என் வணக்கம். மற்றவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். நிஜ ஸ்லீப்பர் 2.75 மீட்டர், எச்ஓ-வில் 31.6 மி.மீ. அந்த நீளத்தை 16.5 பாதைக்கு அப்படியே போட்டால் இரண்டு முனையும் வெளியே நீட்டிக்கொண்டு, பாதை இன்னும் ஒடுங்கித் தெரியும். ரெயிலுக்கு வெளியே நீளும் பகுதி 6 மி.மீ. இருந்தால் கண் ஏமாறும். ஆகவே 29 மி.மீ. போதும்.

கடைசியாக ரெயிலின் பக்கவாட்டு. உங்கள் படத்தில் புத்தம்புது எவர்சில்வர் போல் மின்னுகிறது. துருப்பழுப்பு அடியுங்கள், தலையை மட்டும் துடைத்துவிடுங்கள். இவ்வளவும் முடிந்தபின் கம்பியைப் பற்றி எழுதுங்கள், பேசலாம்.

வளைவில் பான்டோ கம்பியை விட்டு நழுவுகிறது. கம்பியையும் வளைத்துவிடலாமா? (மதுரை)

கம்பியை வளைக்கவே கூடாது. நிஜத்திலும் கம்பத்துக்குக் கம்பம் நேர்கோடுதான். அதனால்தான் நேர்ப்பாதையில் 72 மீட்டர் வரை போகும் இடைவெளி, கடும் வளைவில் 27 மீட்டர் வரை சுருங்குகிறது. ஆரத்தை நீங்கள் எழுதவில்லை! 60 செ.மீ. ஆரம் என்றால் கம்பங்களுக்கு இடையில் 20 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள். கம்பத்தருகே கம்பி பாதை மையத்திலிருந்து வெளிப்பக்கம் 4 மி.மீ. தள்ளியிருக்கட்டும், இடைவெளியின் நடுவில் அதே அளவு உள்ளே வரும். நேர்ப்பாதையில் மாறி மாறி இருபுறமும் 2 மி.மீ. தள்ளினால் போதும். தள்ளாமல் விட்டால் பான்டோவின் பட்டை ஒரே இடத்தில் தேயும்.

1970-களின் பீச்–தாம்பரம் மீட்டர்கேஜ் செய்ய ஆசை. கையில் 16.5 பாதை இருக்கிறது. (சென்னை)

நல்ல ஆசை, தவறான பாதை. 1:87-ல் மீட்டர்கேஜுக்கு 12 மி.மீ. பாதை வேண்டும். காலத்தையும் கவனியுங்கள்: 1931-ல் இந்தத் தடம் 1,500 வோல்ட் டிசியில் தொடங்கியது, 1960-களில் 25,000 வோல்ட் ஏசிக்கு மாறியது. ஆகவே 1970-களுக்கு ஏசி இன்சுலேட்டர்தான். அவை டிசி காலத்தவற்றைவிட நீளமானவை. ஒய்ஏஎம்-1 என்ற மீட்டர்கேஜ் மின்சார இன்ஜினை மறந்துவிடாதீர்கள், அது இல்லாமல் அந்தத் தாம்பரம் இல்லை. கான்கிரீட் ஸ்லீப்பர் போடாதீர்கள்.

மேல்கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓட்டலாமா? (சேலம்)

முடியும். டிசிசி (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியே கட்டளை அனுப்பும் டிஜிட்டல் முறை) இருக்கும்போது தேவையில்லை. ஒரு சோல்டர் விட்டாலும் வண்டி நிற்கும்.

கம்பத்தின் அளவு வேண்டும் என்பதற்காக ஸ்டேஷனில் ஸ்டீல் டேப்பை நீட்டி அளந்தேன், வரைபடம் இணைத்துள்ளேன். (ஊர் வேண்டாம்)

வரைபடத்தைப் பார்க்க மனமில்லை. 25,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டாம், அருகே போனாலே மின்சாரம் தாவும். இரண்டு மீட்டருக்குள் உடம்போ, டேப்போ, செல்ஃபி குச்சியோ போகக் கூடாது. பிளாட்ஃபார்மில் நின்று கம்பத்தை நேர்ப்பக்கமாகப் போட்டோ எடுங்கள், அதே படத்தில் நீளம் தெரிந்த ஒரு பெட்டியும் இருக்கட்டும். பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டியின் உடல் 21.3 மீட்டர், புதிய எல்எச்பி வகை 23.5. பெட்டியும் கம்பமும் உங்களிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருந்தால் கணக்கு தப்பாது. தண்டவாளத்தில் இறங்காதீர்கள். இன்னொரு முறை இப்படி அளந்து அனுப்பினால் பதில் எழுத மாட்டேன்.

ஜல்லிக்குக் கடற்கரை மணல் போடலாமா? (நாகப்பட்டினம்)

வேண்டாம், உப்பு ரெயிலை அரிக்கும். கருங்கல் தூளைச் சலித்து முக்கால் மி.மீ. துகள்களை எடுங்கள். ஃபெவிகாலை மூன்று பங்கு தண்ணீரில் கரைத்து, ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டுச் சொட்டுங்கள். பாயிண்டின் நகரும் பகுதியில் ஒரு துகள்கூட இருக்கக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், எல்லா வண்டிகளையும் ஓட்டிப் பார்க்காமல் ஜல்லி கொட்டாதீர்கள்.