தேங்காய் நார் கலந்த சிமென்ட் போர்டு 2 நாளாகியும் இறுகவில்லை. நாரை எப்படிப் பக்குவப்படுத்துவது?

திப்டூர் நாரை நன்றாக அலசிவிட்டுத்தான் கலந்தேன், பெங்களூர் பீன்யா ஷெட்டில் வார்த்த போர்டு நகம் பட்டாலே உதிர்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சிமென்ட்டை மாற்ற வேண்டாம். நாரிலிருந்து கசியும் சர்க்கரையும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும்தான் அதை இறுகவிடாமல் பிடித்து வைக்கின்றன. பச்சைத் தண்ணீரில் அலசினால் தூசி போகும், இவை லேசில் போகாது.

முதலில் நாரை உதறிச் சலித்து நார்த்தூளை முழுக்க நீக்குங்கள். 20–30 மி.மீ. துண்டுகளாக வெட்டி, கிலோவுக்கு 20 லிட்டர் தண்ணீரில் 2 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். டிகாக்ஷன் போல இறங்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு முறை. பிறகு ஒரு பிடி நாரை இரவு முழுக்க நல்ல தண்ணீரில் ஊறவைத்து, அந்த ஊறல் தண்ணீரில் ஒரு கப் சிமென்ட் குழையுங்கள். குழாய்த் தண்ணீரில் இன்னொரு கப். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இறுகினால் நார் தயார். இரண்டுமே தாமதமானால் குற்றம் நாரில் இல்லை. பெங்களூரின் டிசம்பர் குளிரில் சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும்.

காஸ்டிக் சோடா இதற்கு அப்புறம்தான், கட்டாயமும் இல்லை. நாரின் மேலுள்ள மெழுகை எடுத்து, சிமென்ட் பற்றும்படி சொரசொரப்பாக்குவதே அதன் வேலை. லிட்டருக்கு 20 கிராம், 4 மணி நேரம். கூடுதலாகப் போட்டால் நாருக்கு விறைப்புத் தரும் லிக்னின் கரைந்து நாரே வலுவிழக்கும். கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் அவசியம். தண்ணீரில் சோடாவைப் போடுங்கள், சோடாமேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் டிரம் நல்லது. அலுமினியப் பாத்திரத்தில் ஹைட்ரஜன் கிளம்பும், தீப்பிடிக்கும். அலசல் தண்ணீர் பிஎச் தாளில் (காரத்தின் அளவைக் காட்டும் தாள்) 8-க்கு இறங்கும்வரை அலசுங்கள். சோடா மிஞ்சினால் போர்டில் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

கலக்கும்போது நார் உள்ளே ஈரமாகவும் மேலே சொட்டாமலும் இருக்க வேண்டும். காய்ந்த நார் சிமென்ட்டுக்கான தண்ணீரைக் குடித்துவிடும். அழுத்தாமல் வார்க்கும் போர்டுக்குச் சிமென்ட் எடையில் 2 சதவீதத்தில் தொடங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள், மொத்தமாகக் கொட்டினால் உருண்டை கட்டும். சீக்கிரம் இறுகக் கால்சியம் குளோரைடு 2 சதவீதம் சேர்க்கலாம், ஆனால் இரும்புக் கம்பி வலையோ ஸ்க்ரூவோ வரும் போர்டில் கூடாது, துரு ஏறும்.

இத்தனை செய்தாலும், நனைந்து நனைந்து காயும் இடத்தில் சிமென்ட்டின் சுண்ணாம்பு நாருக்குள் புகுந்து சில வருடங்களில் அதை ஒடியவைக்கும். அதைக் குறைக்க, சிமென்ட்டில் 10 சதவீதத்துக்குப் பதிலாக சிலிக்கா ஃபியூம் என்ற மிக நுண்ணிய சிலிக்காத் தூளைப் போடுங்கள், சுண்ணாம்பை அது இழுத்துக்கொள்ளும். ஃப்ளை ஆஷும் (அனல்மின் நிலையச் சாம்பல்) அந்த வேலையைச் செய்யும். ஆனால் இறுகுவதை இன்னும் தாமதப்படுத்தும் என்பதால், கப் சோதனையில் நார் தேறிய பிறகு அதைத் தொடுங்கள்.