தென்னாப்பிரிக்கக் குவேலா இசையின் பென்னிவிசில் (சிறிய தகரக் குழல்) இன்றும் ஏன் ஈர்க்கிறது? சாதாரணமாக ஊதினால் அந்த ஒலி ஏன் வருவதில்லை?

முதல் காரணம், ஊதும் முறை. குவேலா, 1950களில் ஜோகனஸ்பர்க் தெருக்களில் வளர்ந்த இசை. ஆறு துளையுள்ள மலிவான தகர விசிலை நேராகப் பிடித்து ஊதினால் மெல்லிய, சன்னமான நாதம்தான் வரும். குவேலா கலைஞர்கள் அதைத் தன் அச்சிலேயே சுமார் 45 டிகிரி திருப்பி, வாய்க்குள் ஆழமாக, வலது கன்னத்தின் உட்புறம் நோக்கிச் செருகுவார்கள். தலை இடப்பக்கம் சாயும். காற்று வெட்டுப்படும் சன்னலை, அதாவது ஊதுமுனைக்குச் சற்றுக் கீழே உள்ள திறப்பை, உதடு பாதி மறைக்கும். நாதம் தடிக்கும், சுருதியையும் உதட்டாலேயே வளைக்கலாம். முழுதும் மூடினால் ஒலி செத்துவிடும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுவே. சன்னல் மறைய மறையச் சுருதி இறங்குவதால், உடன் வாசிக்கும் கிதாரை விசிலுக்கு ஏற்பச் சுருதி சேர்ப்பது நல்லது.

இரண்டாவது, விரலசைவு. விரலைச் சட்டென்று எடுக்காமல் துளையிலிருந்து மெல்ல வழுக்குங்கள். நம் புல்லாங்குழலின் கமகம் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

மூன்றாவது, அடித்தளம். அது மிக எளியது: சி, எஃப், சி, ஜி என நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) ஓயாமல் சுழலும். சுழற்சி மாறாததால் கேட்பவரின் கால் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மேலே விசில் சிறு சொற்றொடரைத் திரும்பத் திரும்பச் சற்றே மாற்றி வாசிக்கும். பென்னிவிசில் கலைஞர் ஸ்போக்ஸ் மஷியானேயின் பதிவுகளில் இந்த நுண்மாற்றங்களையே உற்றுக் கேளுங்கள். 1958இல் ‘டாம் ஹார்க்’ என்ற குவேலா இசைத்தட்டு பிரிட்டனின் விற்பனைத் தரவரிசையில் 2ஆம் இடம்வரை ஏறியதும் இதே எளிய சுழற்சியின் மேல்தான்.