பட்டறைப் பக்கம்: எஞ்சின் வேலையா, வேறு எஞ்சினா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் டாடா 1613 இருக்கிறது. 697 டர்போ எஞ்சின். ஆயிரம் கிலோமீட்டருக்கு இரண்டு லிட்டர் ஆயில் குடிக்கிறது. மேடு ஏறும்போது நீலப்புகை, இழுவையும் இல்லை. எஞ்சினை இறக்கி முழு வேலை செய்ய 1,80,000 ரூபாய் என்கிறார் மெக்கானிக். பழைய எஞ்சின் ஒன்று 1,10,000-க்குக் கிடைக்கிறது. எது லாபம்?
– வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: இரண்டு தொகையையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று உங்களுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

முதலில் பிரேக் காற்றுத் தொட்டியின் டிரெயின் வால்வைக் காலையில் திறந்து பாருங்கள். தண்ணீரோடு ஆயிலும் கொழகொழவென்று வந்தால் பிரேக் கம்ப்ரஸரின் ரிங் போயிருக்கிறது. அதில் நீலப்புகை வராது, ஆனால் ஆயில் கணக்கில் ஒரு பங்கு அங்கே போய்விடும். அடுத்தது டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம். டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே லேசான ஆயில் பசை இருப்பது சகஜம், தேங்கி நின்றால் சரியில்லை. டர்போ வீலை விரலால் அசைத்தால் ஹவுசிங்கில் உரசுகிறதா என்றும் பாருங்கள். உரசினால் டர்போவுக்கு வேலை வந்துவிட்டது. உரசாமல் ஆயில் மட்டும் வந்தால் அவசரப்பட்டு டர்போவை மாற்றாதீர்கள். எஞ்சினுக்குள் காற்றழுத்தம் ஏறினால் டர்போவின் ஆயில் திரும்பி இறங்க முடியாது, நல்ல டர்போவும் கக்கும்.

அந்த அழுத்தத்தைத் தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். சூடான எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் தலைகீழாக வாயில் வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால், எஞ்சின் மூச்சுவிடும் பிரீதர் குழாயிலும் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் காற்று இறங்குகிறது. அதற்கு முன் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற சோதனை. டீசல் பீச்சும் ஆறு நாசிலையும் கழற்றி, நல்ல பேட்டரியோடு, சூடான எஞ்சினில் எடுக்க வேண்டும். ஆறு சிலிண்டரும் 10 சதவீத வித்தியாசத்துக்குள் நிற்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டு மட்டும் குறைந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். குறைந்த சிலிண்டரில் ஆயில் ஊற்றி மறுபடி பார்ப்பது பெட்ரோல் எஞ்சினுக்குச் சரி, இங்கே அது ஏமாற்றும். 97 மி.மீ. போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 128 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) என்றால் ஒரு சிலிண்டர் 946 சி.சி. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் ஏறக்குறைய 60 சி.சி.தான். அதில் 10 மி.லி. ஆயில் விழுந்தாலே அளவு பொய்யாக ஏறிவிடும். பெரும்பகுதி ஆயில் பிஸ்டன் தலையிலிருக்கும் குழியில் தங்கிவிடும், ரிங்குக்கே போகாது.

கடைசியாக ஆயில் பிரஷர். டேஷ்போர்டு முள்ளை நம்பாமல் தனி கேஜ் போட்டுப் பாருங்கள். சூட்டில் ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பட்டறைக் கணக்கு. அதற்குக் கீழே இறங்கினால் பேரிங்கைக் குற்றம் சொல்வதற்கு முன் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து ஆயில் மட்டமும் ஏறியிருந்தால், டீசல் பம்ப்பின் எலிமென்ட் வழியாக டீசல் இறங்கி ஆயிலை நீர்க்க வைத்திருக்கிறது.

இத்தனையும் பார்த்த பிறகு ரிங்தான் தேய்ந்தது என்று உறுதியானால் எஞ்சினைப் பிரிக்கலாம். அப்போது கேட்க வேண்டியவை இரண்டு: பிளாக் எப்படி, கிராங்க் எப்படி? இந்த எஞ்சினில் டிரை லைனர், அதாவது தண்ணீர் படாமல் பிளாக்குக்குள் இறுக்கி வைத்த சிலிண்டர் உறை. தேய்ந்ததைத் தட்டி எடுத்துப் புதிதை அழுத்தி, போர் செய்து (கடைந்து) ஹோன் போட்டால் (தேய்த்துச் சீராக்கினால்) பிளாக் மறுபடி ஸ்டாண்டர்டுக்கு வந்துவிடும். எனவே போர் தேய்ந்ததற்காக மட்டும் எஞ்சினை மாற்றுவது வீண் செலவு. ஆனால் லைனர் உட்காரும் துளை அகன்று லைனர் தளர்வாக நின்றால் சூடு பிளாக்குக்குக் கடக்காது, புது பிஸ்டனும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

கிராங்கில் பேரிங் உட்காரும் ஜர்னலை 0.25 மி.மீ. படிகளில் சாணை பிடிப்பார்கள். இதுவரை எத்தனை முறை பிடித்திருக்கிறது என்று பழைய பேரிங்கின் முதுகில் பொறித்த அளவே காட்டிக்கொடுக்கும். கடைசி அளவுக்கு வந்துவிட்டாலோ, விரிசல் தெரிந்தாலோ, மெயின் பேரிங் சுற்றி பிளாக்கையே தின்றிருந்தாலோ கணக்கு மாறிவிடும். பிளாக், கிராங்க், ஹெட் மூன்றில் இரண்டு போனால் வேறு எஞ்சின். ஒன்று மட்டும் என்றால் வேலை செய்யுங்கள்.

அந்த 1,80,000-ல் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பம்ப், நாசில் கேலிபரேஷன், டர்போ, வாட்டர் பம்ப், கிளட்ச், ஆயில் கூலர் எல்லாம் பெரும்பாலும் பிறகுதான் பில்லில் வரும். பேரிங் பொடிந்த எஞ்சினில் ஆயில் கூலரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதற்குள் ஒட்டியிருக்கும் உலோகத் தூள் புது பேரிங்கை ஆரம்பத்திலேயே அரித்துவிடும்.

இவ்வளவு செலவு செய்வதற்கு முன் வண்டிக்கு அடியில் ஒரு சுத்தியலோடு படுத்துப் பாருங்கள். துறைமுகத்துக்கும் உப்புக் காற்றுக்கும் பழகிய வண்டியில் ஸ்பிரிங் பிராக்கெட் பக்கத்துச் சேஸிஸ்தான் முதலில் துருப்பிடிக்கும். தட்டினால் சில்லு சில்லாக உதிர்கிற சேஸிஸுக்கு 1,80,000 மட்டுமல்ல, 1,10,000-மும் அதிகம். 15 ஆண்டு தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) ஆண்டுதோறும், கட்டணமும் கூடுதல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: உடைத்த லாரியிலிருந்து எடுத்த எஞ்சினை வாங்கி மாட்டினால் ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?
– வாசகர், மேட்டுப்பாளையம், புதுச்சேரி

பதில்: சொல்லாமல் மாட்டினால் வரும். எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி மாற்றிய 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் திருத்தம் வாங்க வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் கடிதம் முதலில். விற்பவரிடம் பில், உடைத்த வண்டியின் பதிவு ரத்தான தாள், இரண்டும் கேளுங்கள். நம்பர் இருக்கும் இடத்தில் சாணை பிடித்த தடமோ புது பெயின்ட்டோ தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் தொடாதீர்கள்.

எஞ்சினைச் சூடாக்கி வைத்துக் காட்டுவார்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அடியிலுள்ள ஆயில் சம்ப்பைக் கழற்றி, கனெக்டிங் ராடின் பிக் எண்ட் கேப் ஒன்றையாவது திறந்து பார்க்க ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம். டாடா வண்டி என்றால் கம்பெனியின் புரோலைஃப் எஞ்சினையும் விசாரியுங்கள். பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கும் முறை அது. விலை கூடுதல், ஆனால் வாரன்டி உண்டு.

கேள்வி: மீன் லோடு வண்டி. ஹெட் கேஸ்கெட் மாற்றி மாற்றிப் போடுகிறோம், மறுபடி போய்விடுகிறது. எஞ்சினையே மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? கடலோர போர்வெல் தண்ணீர் என்றால் விடை கிடைத்துவிட்டது. உப்பு படிந்து பிளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வழி சுருங்கும், சூடு ஓரிடத்தில் மட்டும் ஏறும், ஹெட் வளையும். கேஸ்கெட் அதற்குப் பலியாகிறது, அவ்வளவுதான். ஹெட்டின் மேல் நேர்பட்டை வைத்து 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் நுழைகிறதா பாருங்கள். அதே பட்டையை பிளாக்கின் மேலும் வையுங்கள், பலர் இதைச் செய்வதில்லை. ஹெட்டை பிரஷர் டெஸ்ட் செய்யாமல் மாட்டவும் வேண்டாம். பிளாக்கின் பக்கவாட்டு வாட்டர் பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டிக் கழுவி, இனி கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டரோடு கலந்து ஊற்றுங்கள். பிளாக்கில் விரிசல் இல்லாதவரை எஞ்சின் மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: எஞ்சின் வேலை முடிந்ததும் எத்தனை கிலோமீட்டர் காலியாக ஓட்ட வேண்டும்?
– வாசகர், பண்ருட்டி

பதில்: காலியாகவே வேண்டாம். ரிங் போரில் உட்கார அழுத்தம் தேவை. முதல் 2,000 கி.மீ. பாதி லோடில், ஒரே வேகத்தில் போகாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். நிறுத்தி வைத்து மணிக்கணக்கில் ஐடிலில் விடுவதுதான் கெடுதல், போர் பளபளத்து ஆயில் குடிக்கத் தொடங்கும். முதல் ஆயிலை 1,000 கி.மீ.க்குள் ஃபில்டரோடு மாற்றுங்கள். அன்றைக்கே டேப்பட் (வால்வு) இடைவெளியையும் பார்த்துவிடுங்கள்.