நஞ்சு கிருமியின் சொந்தச் சரக்கா?

முகத்துவாரத் தண்ணீரில் காலராக் கிருமி உண்டு என்கிறார்கள். நண்டு, இறால் வாங்கலாமா? – வாசகி, கடலூர் முதுநகர்

தாராளமாக வாங்குங்கள், நன்றாக வேகவையுங்கள். உப்பங்கழியில் இந்தக் கிருமி இயல்பாகவே வாழ்கிறது. இறால், நண்டு ஓட்டில் ஒட்டி வளரும். ஆனால் அப்படி வாழ்பவற்றில் பெரும்பாலானவற்றிடம் காலரா நஞ்சுக்கான மரபணுவே கிடையாது. கிருமியைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து சேர்த்த மரபணு அது. 1996இல் வால்டர், மெக்கலனோஸ் என்ற ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். கிருமியின் மேலுள்ள மெல்லிய இழையைப் பிடித்துத்தான் அந்த வைரஸ் உள்ளே நுழைகிறது. நம் குடலில் கிருமி காலூன்றவும் அதே இழைதான் வேண்டும். குடலுக்குள் வந்ததும் இழைக்கான மரபணுவும் நஞ்சுக்கான மரபணுவும் சேர்ந்தே வேலையைத் தொடங்குகின்றன. நஞ்சு பட்ட குடல் செல் உப்பை விடாமல் வெளியே தள்ளும், பின்னாலேயே தண்ணீரும் போகும். அரிசி கழுவிய தண்ணீர்போலப் பேதியாவது இதனால்தான்.

காலராவுக்கு நஞ்சுதான் காரணம் என்று 1959இல் கொல்கத்தாவில் நிறுவியவர் சம்புநாத் டே. அவருக்கு நோபல் கிடைக்காதது எனக்கு இன்றும் ஆற்றாமைதான்.

பயப்பட வேண்டியது கழிவுநீர் கலந்த குடிநீருக்கு. 2022 ஜூலையில் காலராவுக்காகக் காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது நினைவிருக்கும்.

தொண்டை அடைப்பான் ஊசி போட்ட பிள்ளையின் தொண்டையிலும் கிருமி இருக்கலாமாமே? அப்புறம் ஊசி எதற்கு? – முத்தியால்பேட்டை

இருக்கலாம். ஊசி முறிப்பது கிருமியின் நஞ்சை. இந்த நஞ்சுக்கான மரபணுவும் வைரஸ் தந்ததுதான். கிருமிக்கு இரும்புச்சத்து கிடைத்துக்கொண்டிருக்கும்வரை ஒரு புரதம் அதை அடக்கி வைத்திருக்கும். இரும்பு குறைந்தால் பிடி விடும், நஞ்சு உருவாகும். அதற்காக இரும்பு மாத்திரையை நம்பாதீர்கள். 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. (Td – ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுவது) ஊசியைத் தவறவிடாதீர்கள்.

மிச்ச பிரியாணியைக் கொதிக்கச் சூடாக்கினால் போதுமா? – நெல்லிக்குப்பம்

இரவெல்லாம் வெளியே கிடந்ததென்றால் போதாது. சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் சில வகைகள் செய்யும் செரியுலைடு நஞ்சு 121 டிகிரியிலும் கெடாது. சூடு தணிந்ததுமே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

குழந்தைக்கு ரத்தபேதி. மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா? – லாஸ்பேட்டை

தயவுசெய்து வேண்டாம். ஈ.கோலை என்ற குடல் கிருமியின் சில வகைகளில் ஷிகா நஞ்சின் மரபணு, உறங்கிக் கிடக்கும் வைரஸுக்குள் இருக்கிறது. சில ஆன்டிபயாடிக்குகள் கிருமியின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும்போது வைரஸ் விழித்துப் பெருகும். கிருமி வெடித்து நஞ்சு கொட்டும். குழந்தையின் சிறுநீரகமே பழுதாகலாம். ஷிகெல்லா கிருமியாக இருந்தாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படும். எது என்பதை மலப் பரிசோதனைதான் சொல்லும். ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.