கதிர்வீச்சுச் சிகிச்சையும் நுரையீரல் அழற்சியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் தாயாருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. சிகிச்சையின்போது இல்லாத வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் இப்போது ஏன் வந்திருக்கின்றன?

பதில்: மார்புச் சுவரின் மீது படும் கதிர், அதன் அடியிலுள்ள நுரையீரலின் ஒரு சிறு பகுதியையும் தொட்டுச் செல்கிறது. செல்களில் மாற்றம் முதல் நாளிலேயே தொடங்கினாலும், அது நுரையீரல் அழற்சியாகி, இருமலாகவும் இரைப்பாகவும் வெளிப்படுவது பெரும்பாலும் சிகிச்சை முடிந்த 1 முதல் 6 மாதங்களுக்குள்தான். மார்பகச் சிகிச்சைக்குப் பின் இது அடிக்கடி நேர்வதில்லை. நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சையில்தான் அதிகம். தொற்று, நுரையீரல் இரத்தக்குழாயில் அடைப்பு, இதயக் கோளாறு ஆகியவையும் இதே அறிகுறிகளைத் தரக்கூடும் என்பதால், தாயாரைத் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கதிர்வீச்சு பெற்றதை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கிருமி எதுவும் இல்லாதபோது அழற்சி எப்படி உண்டாகிறது?

பதில்: இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். செல்லின் பெரும்பகுதி நீர். கதிர் அந்த நீர் மூலக்கூறுகளைப் பிளந்து, ஹைட்ராக்சில் போன்ற வினைத்திறன் மிக்க ஃப்ரீ ரேடிக்கல்களை உருவாக்குகிறது. இவையும், நேரடியாகத் தாக்கும் கதிரும் டி.என்.ஏ.வை உடைக்கின்றன, 1 கிரே (திசு உறிஞ்சும் கதிரை அளக்கும் அலகு) அளவுக்கு ஒரு செல்லில் ஏறத்தாழ 40 இடங்களில் இரண்டு இழைகளும் சேர்ந்தே அறுபடுகின்றன. முறிவை உணரும் ஏ.டி.எம். என்னும் புரதம் பழுதுபார்க்கும் பணியை முடுக்கிவிடுவதோடு, என்.எஃப்.-கப்பா-பி என்னும் மரபணு இயக்கியையும் எழுப்புகிறது. அதன் விளைவாக இன்டர்லூகின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா ஆகிய அழற்சிப் புரதங்கள் சுரக்கின்றன.

என்னை எப்போதும் வியக்க வைப்பது இதற்கு அடுத்த கட்டம். பழுதுபார்க்க முடியாத டி.என்.ஏ. துண்டுகள் உட்கருவை விட்டுக் கசிந்து, அதைச் சூழ்ந்துள்ள சைட்டோபிளாசத்தை அடைகின்றன. அங்கே டி.என்.ஏ. தென்பட்டால் அதை வைரஸின் வருகையாகக் கொள்ளும் சிகாஸ் என்னும் உணரி, செல்லின் சொந்தத் துண்டுகளையும் அவ்வாறே கருதி, ஸ்டிங் புரதத்தின் வழியாக, வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான்களைச் சுரக்க வைக்கிறது. இறக்கும் செல்களிலிருந்து வெளியேறும் எச்.எம்.ஜி.பி.1 போன்ற மூலக்கூறுகள் மேக்ரோஃபேஜ்கள் என்னும் விழுங்கு செல்களைத் தூண்ட, அவை இன்டர்லூகின்-1 பீட்டாவை வெளியிடுகின்றன. நுண்குழாய்களின் உட்சுவரில் ஒட்டுப்புரதங்கள் பெருகி வெள்ளணுக்களை ஈர்க்கின்றன. சுவர் கசிந்து, காற்று நுண்ணறைகளுக்குள் நீரும் புரதமும் சேர்கின்றன. அந்த அறைகள் சுருங்கிவிடாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட்டைச் சுரக்கும் இரண்டாம் வகைச் செல்களும் பாதிக்கப்படுவதால் மூச்சு வாங்குகிறது.

கேள்வி: சிலருக்கு இது நிரந்தரத் தழும்பாக மாறுவது ஏன்?

பதில்: டி.ஜி.எஃப்.-பீட்டா 1 என்னும் புரதம் நுரையீரலில் ஏற்கெனவே ஓர் உறைப்புரதத்துக்குள் செயலற்றுக் கிடக்கிறது. ஃப்ரீ ரேடிக்கல்கள் அந்த உறையைச் சிதைக்கும்போது அது விடுபட்டு, நார்ச்செல்களை, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைக் குவிக்கும் செல்களாக மாற்றுகிறது. இந்த நார்மயமாதல் பொதுவாக 6 மாதங்களுக்குப் பிறகு தெரியவரும், ஆண்டுக்கணக்கிலும் தொடரலாம்.

கேள்வி: இந்த அழற்சிக்குத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையை இருமல் குறைந்ததும் நிறுத்திவிடலாமா?

பதில்: கூடாது. ஸ்டீராய்டு, என்.எஃப்.-கப்பா-பியின் செயலை அடக்கி அழற்சிப் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. திடீரென நிறுத்தினால் அழற்சி மீண்டும் மூளக்கூடும். எனவே மருத்துவர் வாரக்கணக்கில் படிப்படியாகவே அளவைக் குறைப்பார். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில், இம்மருந்தைத் தொடங்கும் முன் அந்நோய் இல்லையென்று உறுதி செய்துகொள்வது மிக அவசியம் என்பது என் கருத்து. ஏற்கெனவே படிந்துவிட்ட தழும்பை ஸ்டீராய்டு கரைக்காது.

கேள்வி: முன்கூட்டியே தடுக்க வழி உண்டா?

பதில்: முழுமையாகத் தடுக்க இயலாது, அபாயத்தைக் குறைக்கலாம். வழக்கமான தினசரித் தவணை முறையில் நுரையீரல் புற்றுநோய்க்குத் திட்டமிடும்போது, 20 கிரே அல்லது அதற்கு மேல் பெறும் நுரையீரல் கனஅளவு 30 முதல் 35 சதவீதத்தைத் தாண்டாமலும், நுரையீரல் பெறும் சராசரிக் கதிரளவு 20 கிரேக்குள் இருக்கும்படியும் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் திட்டத்தில் இந்த எண்கள் எவ்வளவு என்று மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.