சந்தா கட்டுவதற்கு முன் எந்த விளையாட்டு என்று பாருங்கள்

வணக்கம் அண்ணா. திருமங்கலத்தில் உங்கள் மகனும் செல்லூரில் அவன் அத்தை மகனும் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுக் கருவியில் இணையம் வழியாகச் சேர்ந்து விளையாட ஓராண்டுச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள். பையன்கள் எதை ஆடப்போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஃபோர்ட்நைட், இஃபுட்பால் போன்ற இலவச விளையாட்டுகளுக்குச் சந்தாவே தேவையில்லை. ஆடும்போது இருவரும் பேசிக்கொள்வதும் இலவசம்தான். காசு கொடுத்து வாங்கும் இஏ எஃப்சி கால்பந்து போன்றவற்றை இணையத்தில் எதிரெதிரே ஆடத்தான் பிளேஸ்டேஷன் பிளஸ் என்ற அந்தச் சந்தா வேண்டும். அதுவும் இரண்டு வீட்டிலும் தனித்தனியாக. பிளேஸ்டேஷன் 3 காலத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது. 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோதுதான் கேட்கத் தொடங்கினார்கள். இன்னொரு நிறுவனத்தின் கருவியான நிண்டெண்டோ ஸ்விட்சும் 2018-இல் அதே வழிக்குப் போய்விட்டது.

மாதந்தோறும் சந்தாவோடு தரும் விளையாட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சந்தா நின்ற மறுநாள் அவை திறக்காது.

இன்னொன்று. எங்கள் வீட்டில் பந்து கோல் அருகே போகும்போதெல்லாம் படம் உறைந்து நிற்கும். சந்தா இல்லாததால்தான் என்று தம்பி அடம்பிடித்தான். மாடியில் இருந்த ரவுட்டரிலிருந்து ஜன்னல் வழியாக ஒரு கேபிளை இறக்கி பிளேஸ்டேஷனில் செருகினேன், அன்றிரவே சரியாகிவிட்டது. சந்தா இணைய வேகத்தைக் கூட்டாது, அண்ணா.

கட்டியே ஆக வேண்டுமென்றால் காலாண்டு விடுமுறைக்கு ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.